முடிவை எடுத்தது யார்? - ‘இயல்பான ஆங்கிலம்’ குறித்துச் சில குறிப்புகள்

1

முடிவை எடுக்கிறோமா, செய்கிறோமா, அல்லது முடிவுக்கு வந்து சேர்கிறோமா? ஆங்கிலம் கற்றுத்தரும் கையேடுகளுக்கு இது வினைச்சொல் பற்றிய ஒரு சின்னச் சந்தேகம், அவ்வளவுதான். ‘டிசிஷன்’ என்ற பெயர்ச்சொல்லோடு ‘மேக்’ வரும், ‘டூ’ வராது. பிரிட்டிஷ்காரர்கள் ‘டேக்’ என்றும் சொல்வார்கள். அமெரிக்கக் காதுக்கு அது கொஞ்சம் விறைப்பாகப் படும். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு என்றால் ‘ரீச்’ அல்லது ‘கம் டு’. பேச்சுவழக்கில் ‘மேக் அப் யுவர் மைண்ட்’. ஒரு ராத்திரி தள்ளிப்போட வேண்டுமென்றால் ‘ஸ்லீப் ஆன் இட்’. கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பிவிட்டால் அது ‘இயல்பான’ ஆங்கிலம். மாற்றி நிரப்பினால் ‘இந்திய’ ஆங்கிலம். அதாவது, இயல்பு கெட்டது.

நான் பேச விரும்புவது அந்த ‘இயல்பு’ என்கிற சொல்லைப் பற்றி. இயக்கங்களின் அறிக்கைகளையும் கிராமசபைத் தீர்மானங்களையும் மனுக்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் வேலையைப் பல வருஷங்களாகச் செய்துவருகிறேன். கவிதையை மொழிபெயர்ப்பவர்கள் படிமங்களோடு மல்லுக்கட்டுவார்கள். எனக்கு அந்தப் பாக்கியமில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்த சொல் ‘முடிவு’ என்கிற இந்தச் சாதாரணச் சொல்தான். ஏனென்றால் இந்தப் பிரதிகளில் கடைசியில் மிஞ்சுகிற கேள்வி ஒன்றுதான்: யார் முடிவு செய்தது? கையேடுகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எந்த வினைச்சொல் வரும் என்று சொல்கின்றன. எந்த எழுவாய் வரும் என்று சொல்வதில்லை. எழுவாய் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மாணவன் நம்பிவிடுகிறான். மொழிக்குள் அதிகாரம் வேலை செய்கிற இடம் இந்த நம்பிக்கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2

முதலில் ‘இயல்பு’ எங்கே உற்பத்தியானது என்று பார்த்துவிடலாம். இயல்பான ஆங்கிலம் இங்கிலாந்தில் மண்ணிலிருந்து முளைத்து, பிறகு நமக்கு ஏற்றுமதியானது என்பதுதான் பொதுப்புத்தி. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதைப் பட்டியலிடும் வேலை, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஊர்களில்தான் மும்முரமாக நடந்தது. ஹெரால்ட் பால்மர் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றிய தன் அறிக்கையை 1933இல் வெளியிட்டது டோக்கியோவிலிருந்து. இன்று நம்மூர்ப் பிள்ளைகள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலப்பிரதி, ஏ.எஸ்.ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் ஜப்பானில் தொகுத்தது; 1942இல், யுத்தத்தின் நடுவே, அங்கேதான் அச்சானது. 1948இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அதை வாங்கிப் போட்டது. அடிப்படைச் சொற்பட்டியல் என்று உலகம் முழுக்கப் பயன்பட்ட 1953ஆம் வருஷத்துப் பட்டியலைத் தயாரித்த மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர். சொல்லை அதன் சகவாசத்தை வைத்து அறியவேண்டும் என்கிற பார்வையை மொழியியலில் நிலைநிறுத்திய ஜே.ஆர்.ஃபிர்த் 1920களில் லாகூரில் பேராசிரியராக இருந்தார்.

தாய்மொழிக்காரனுக்கு இயல்பு தேவையில்லை. அவன் பேசுவது எதுவோ அது இயல்பு. மற்றவன் பேசும்போதுதான் இயல்பு என்பது ஒரு விதியாக, ஒரு தேர்வுத்தாளாக, ஒரு வேலைவாய்ப்பாக மாறுகிறது. ஆக, இயல்பு என்பது விளிம்பில் தயாரிக்கப்பட்டு மையத்தின் முத்திரையோடு விளிம்புக்கே திரும்ப விற்கப்பட்ட சரக்கு. இதைச் சொல்வதால் பால்மரோ ஹார்ன்பியோ சதிகாரர்கள் என்று அர்த்தமில்லை. அவர்களுடைய உழைப்பு பெரியது, அதனால் நானும் பயனடைந்தவன். ஒரு சொல்லாடல் எந்தத் தேவையிலிருந்து பிறந்ததோ அந்தத் தேவையின் ரேகையை அது சுமந்திருக்கும் என்பதுதான் விஷயம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் சி.கே.ஆக்டனின் ‘பேசிக் இங்லீஷ்’. 1930இல் வந்தது. 850 சொற்கள் போதும், உலகம் முழுவதும் பேசிக்கொள்ளலாம் என்றார் ஆக்டன். அந்த 850இல் வினைச்சொற்களை 18ஆகக் குறைத்துவிட்டார். கம், கெட், கிவ், கோ, மேக், டேக் என்று போகும். இதன் விளைவு என்ன தெரியுமா? அந்தப் பட்டியலில் ‘டிசிஷன்’ என்ற பெயர்ச்சொல் இருக்கிறது. ‘டிசைட்’ என்ற வினைச்சொல் இல்லை! அந்த மொழியில் யாரும் தீர்மானிக்க முடியாது. தீர்மானம் என்றொரு பொருள் இருக்கும். அதைச் செய்யலாம், எடுக்கலாம், அதனிடம் வந்து சேரலாம். செயல் பொருளாகிவிட்டது.

1943 செப்டம்பரில் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில் இந்த மொழியை வானளாவப் புகழ்ந்தார். அதே வருஷம் வங்காளத்தில் பல லட்சம் பேர் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். தானியத்துக்குக் கப்பல் ஒதுக்குவதா வேண்டாமா என்ற முடிவு லண்டனில் அவருடைய போர் அமைச்சரவையின் கையில் இருந்தது. ஆக்டனுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் உலகத்துக்கே ஒரு மொழியைச் சிபாரிசு செய்கிறவரும், தூரத்து ஜனங்களின் உயிர்பற்றி முடிவு செய்கிறவரும் ஒரே ஆளாக இருந்த வருஷம் அது என்பதை மறந்துவிடக்கூடாது.

3

‘டிசைட்’ என்பதன் லத்தீன் வேர் ‘வெட்டி எறி’ என்று பொருள்படுவது. ஜெர்மன்காரர்களின் ‘என்ட்ஷைடுங்’ என்ற சொல்லின் வேர் ‘பிரி’. அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த ‘ஃபைசலா’வுக்கும் வேர் பிரிப்பதுதான், நம்மூர்த் தாலுகா ஆபீஸில் ‘பைசல் பண்ணியாச்சு’ என்று சொல்கிறோமே, அதே சொல். தமிழுக்கு வாருங்கள். துணித்தல் என்றால் வெட்டுதல். துணி என்றால் வெட்டி எடுத்த துண்டு. துணிதல் என்றால் முடிவு செய்தல். துணிவு என்றால் தைரியம். வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்கிற அதிகாரத்தில் யோசித்துவிட்டுத் ‘துணிய’ச் சொல்வது இந்தப் பொருளில்தான். வெட்டுவதும் தீர்மானிப்பதும் தைரியமும் ஒரே வேரில் கிடக்கும் சொல் இது. இவ்வளவு தூரம் விலகிக்கிடக்கும் மொழிகள் ஒரே படிமத்தை ஏன் வைத்திருக்கின்றன? முடிவு செய்வது என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிப்போடுவது என்ற அனுபவம் பொதுவானதாக இருக்கலாம்.

ஆனால் இந்த வெட்டு இன்று பேச்சில் தெரிவதில்லை. ‘மேக் எ டிசிஷன்’ என்றால் முடிவைத் தயாரிப்பது, தொழிற்சாலைப் படிமம். ‘டேக்’ என்றால் ஏற்கனவே தயாராக இருப்பதில் ஒன்றை எடுப்பது. பிரெஞ்சுக்காரர்களும் எடுக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் ‘டிரெஃபென்’ என்கிறார்கள். குறி தவறாமல் பட்டதுபோல, வழியில் சந்தித்ததுபோல. நம்முடைய ‘முடிவு எடு’ ஆங்கில ‘டேக்’கைப் பார்த்து வந்தது என்றே நான் கருதுகிறேன். அதற்காக அதை விரட்டியடிக்க வேண்டியதில்லை. டீக்கடையிலேயே ‘என்னப்பா முடிவு எடுத்த?’ என்று கேட்கிறார்கள். இனி அது நம் சொல்தான். தனித்தமிழ்க் காவலர்கள் மன்னிக்க.

கையேடுகள் ‘இயல்பான மரபுத்தொடர்’ என்று கொடுக்கும் பட்டியலை வேறு விதமாக வாசித்துப் பாருங்கள். ‘ஜூரி இன்னும் வெளியேதான் இருக்கிறது’ - நீதிமன்றம். ‘எடைபோடு’ - தராசு, கடைவீதி. ‘பந்து உன் பக்கம்’ - டென்னிஸ். ‘இட்ஸ் யுவர் கால்’ - சீட்டாட்டமும் நடுவரின் விசிலும். ‘டாஸ்-அப்’ - நாணயம் சுண்டுவது. ‘ரூபிகானைத் தாண்டுவது’ - கி.மு. 49இல் சீசர் படையோடு ஆற்றைக் கடந்தது. நீதிமன்றம், சந்தை, விளையாட்டு, சூது, யுத்தம். முடிவு செய்கிறவனைப் பற்றி இந்த மொழி வைத்திருக்கும் பிம்பம் ஒரு தனி மனிதன், பெரும்பாலும் ஆண், கையில் சீட்டோ தராசோ வாளோ வைத்திருக்கிறவன்.

தமிழிலும் இதற்கு ஜோடிகள் கிடைக்கும். வேலிமேல் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயனுக்கு மதில்மேல் பூனை. நாணயத்துக்குப் பூவா தலையா. ‘ஸ்லீப் ஆன் இட்’டுக்கு ‘ஆறப்போடு’. இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயன் தனியாகத் தூங்கி எழுந்து முடிவு செய்கிறான். நாம் விஷயத்தையே அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைக்கிறோம். அது நாலு பேர் நடுவில் ஆறுகிறது. ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’, ‘பெரியவங்க இருக்காங்க, பேசிக்குவோம்’, ‘பாக்கலாம்’ - இவற்றுக்கு எந்தக் கையேட்டிலும் ‘இயல்பான’ இணை கிடையாது. ‘பாக்கலாம்’ என்பதை ‘லெட் அஸ் ஸீ’ என்று மாற்றினால் சொற்கள் சரியாக இருக்கும், அர்த்தம் தவறிவிடும். பல நேரம் அது மரியாதையாகச் சொன்ன ‘முடியாது’.

4

இதை வைத்துக்கொண்டு ‘ஆங்கிலம் தனிமனிதனின் மொழி, தமிழ் கூட்டுவாழ்வின் மொழி’ என்று யாராவது கிளம்பினால், அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன். நாலு பேர் நடுவில் ஆறுகிற முடிவில் அந்த நாலு பேர் யார் என்று கேட்க வேண்டாமா?

ஆங்கில நிர்வாக மொழியின் செயப்பாட்டுவினை எல்லோருக்கும் தெரிந்த திருட்டு. ‘இட் ஹாஸ் பீன் டிசைடெட்’ என்று ஆரம்பிக்கும் கடிதத்தில் ஆளே கிடையாது. ‘ஐ ஆம் டைரக்டெட்’ என்று ஆரம்பிக்கும் கடிதத்தில் ஆள் இருக்கிறார், ஆனால் அவர் வெறும் குழாய். மேலே யாரோ திருப்புகிறார்கள், இவர் வழியாக வருகிறது. 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் ஆங்கிலத்தின் சீரழிவு பற்றி எழுதிய கட்டுரையில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சாடினார்: ஒற்றை வினைச்சொல்லை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லும் துணைவினையுமாக நீட்டி முழக்குவது, செய்தவனை மறைக்கும் செயப்பாட்டுவினை. ஆக்டன் எளிமை என்று கொண்டாடியதை ஆர்வெல் நோய் என்று கண்டார். 1979இல் வந்த ‘லாங்வேஜ் அண்ட் கன்ட்ரோல்’ தொகுப்பில் டோனி ட்ரூ இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டினார். 1975இல் ரொடீஷியாவின் சாலிஸ்பரியில் போலீஸ் கறுப்பின மக்களைச் சுட்டுக்கொன்றது. அந்தச் செய்தி ஒரு நாளிலிருந்து மறுநாளுக்கு நகரும்போது, சுட்டவர்கள் வாக்கியத்திலிருந்து படிப்படியாக எப்படிக் கரைகிறார்கள் என்பதை அவர் பின்தொடர்ந்தார். 1987இல் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில், தவறுகள் நேர்ந்துவிட்டன என்ற அர்த்தத்தில் ஒரு செயப்பாட்டு வாக்கியத்தைச் சொல்லி நகர்ந்ததும் இதே பாணிதான்.

நம் அரசியல் சட்டம் இந்த விஷயத்தில் இன்னும் வெளிப்படையானது. 166ஆவது பிரிவின்படி, மாநில அரசின் நிர்வாக நடவடிக்கைகள் எல்லாம் ஆளுநரின் பெயரால் எடுக்கப்பட்டதாகச் ‘சொல்லப்பட’ வேண்டும். முடிவு செய்கிறவர் வேறு, முடிவு யார் பெயரில் சொல்லப்படுகிறதோ அவர் வேறு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டு எழுதிவைத்திருக்கிறது. வாக்கியத்தின் எழுவாய் ஒரு சட்டப் புனைவு.

இந்தப் புனைவுக்கு என்ன விலை என்பதைத் தூத்துக்குடியில் பார்த்தோம். 2018 மே 22இல், ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100ஆவது நாளில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். ‘சுடச் சொன்னது யார்?’ என்பதுதான் அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கக் கேட்ட கேள்வி. முதல் தகவல் அறிக்கைகளில் துணை வட்டாட்சியர் நிலையில் இருந்தவர்கள் உத்தரவிட்டதாகப் பதிவானது. அவ்வளவு பெரிய கூட்டத்தின்மீது சுடும் முடிவு அவ்வளவு சின்ன நாற்காலியில் எடுக்கப்பட்டதா என்று ஜனங்கள் கேட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில். ஒரு வாக்கியத்தின் எழுவாயைத் தேட நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ‘உத்தரவு பிறப்பிக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் போட்டாலும் மிக இயல்பாக உட்காரும்.

சரி, தமிழ்ப் பேச்சு இதில் யோக்கியமா? ‘நிச்சயம் பண்ணியாச்சு’, ‘பேசி முடிச்சாச்சு’. ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி அவளிடமே இப்படித்தான் சொல்லப்படுகிறது. ‘ஆச்சு’ என்ற அந்தத் துணைவினை வந்து உட்கார்ந்தவுடன் யார் பேசினார்கள், யார் முடித்தார்கள் என்பதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. மழை பெய்ததுபோல, விடிந்ததுபோல, அது ஆகிவிட்டது. செயப்பாட்டுவினையை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று பழிபோடலாம். இந்த ‘ஆச்சு’வை யார் கொண்டுவந்தது? கட்சிகளைப் பாருங்கள். ‘மேலிடம் முடிவு செய்யும்’, ‘உரிய நேரத்தில் நல்ல முடிவு எடுக்கப்படும்’. மேலிடம் என்பது ஆள் இல்லை, ஒரு இடம், அதுவும் மேலே. பொதுக்குழு கூடும், முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தலைவருக்கு வழங்கி ஒரு முடிவை எடுக்கும், கலையும். முடிவு செய்வதில்லை என்பதே அந்தக் கூட்டத்தின் ஒரே முடிவு.

இயக்கங்களும் விதிவிலக்கல்ல. ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று முடியும் எத்தனையோ தீர்மானங்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. பல, கூட்டம் கூடுவதற்கு முன்பே டைப் அடிக்கப்பட்டவை. திண்ணைக்கு வெளியே நின்றவர்கள், அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தவர்கள், கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரையும் ‘ஏகமனது’ என்ற சொல் விழுங்கி ஏப்பம் விட்டுவிடுகிறது. நான் அதை ‘யுனானிமஸ்லி ரிசால்வ்ட்’ என்று மாற்றும்போது இன்னும் பளபளப்பாகிவிடுகிறது. தமிழில் இருந்த மௌனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கோட்டும் டையும் கிடைக்கிறது.

5

மொழிபெயர்ப்பில் தமிழ் தோற்று ஆங்கிலம் ஜெயிக்கிற இடமும் உண்டு, ஆங்கிலம் கைவிரிக்கிற இடமும் உண்டு. கைவிரிக்கும் இடம் ‘நாம்’.

‘வீ டிசைடெட்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் நாமா, நாங்களா? கேட்கிறவன் அந்த முடிவுக்குள் இருக்கிறானா, வெளியே இருக்கிறானா? ஆங்கிலத்துக்குச் சொல்லத் தெரியாது. தமிழுக்குத் தெரியும். வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கத் தலைவர் தொழிலாளர்களைப் பார்த்து ‘நாம முடிவு பண்ணுவோம்’ என்று சொல்வதும், ‘நாங்க முடிவு பண்ணிட்டோம்’ என்று சொல்வதும் இரண்டு வேறு அரசியல். முதலாவதில் தொழிலாளி இருக்கிறான். இரண்டாவதில் கமிட்டி மட்டும்தான் இருக்கிறது. நிர்வாகத்தைப் பார்த்து ‘நாங்க முடிவு பண்ணிட்டோம்’ என்றால் அதே சொல் போராட்டக் குரலாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இவை எல்லாம் ஒரே ‘வீ’. அந்த ‘வீ’ கம்பெனி விளம்பரத்திலும் வருகிறது, அரசாங்கச் சுற்றறிக்கையிலும் வருகிறது. கேட்கிறவனைச் சேர்த்துக்கொண்டதுபோல ஒரு பாவனை காட்டிவிட்டுப் போய்விடுகிறது.

நியமகிரியை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில், 2013 ஏப்ரல் 18இல் உச்சநீதிமன்றம் வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் கிராமசபைகளிடம் விஷயத்தை அனுப்பியது. மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் பார்வையாளர். அந்த வருஷம் ஜூலை, ஆகஸ்டில் ராயகடா, களாஹண்டி மாவட்டங்களில் 12 கிராமங்களில் சபைகள் கூடின. 12 கிராமங்களும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. தூத்துக்குடி ஆலையின் பின்னால் இருந்த வேதாந்தா குழுமம்தான் அங்கேயும் எதிர்த்தரப்பில் இருந்தது.

டோங்ரியா கோந்துகள் பேசுவது குவி மொழி. மலை எங்கள் தெய்வம், அதை வெட்டினால் நாங்கள் இல்லை என்பதுபோன்ற பேச்சு, மொழி மாறி மாறி ஆங்கிலக் கோப்புக்குள் போகும்போது அது ‘மத, பண்பாட்டு உரிமைகள்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. இங்கே ஒரு முரண் இருக்கிறது. இந்த மொழிமாற்றம் இல்லாமல் அந்த வெற்றி இல்லை; நீதிமன்றத்துக்குப் புரியும் மொழியில் முடிவு சொல்லப்பட்டதால்தான் அது முடிவாக மதிக்கப்பட்டது. அதேசமயம், அந்த மக்கள் சொன்னது ‘தெரிவு’ அல்ல. இரண்டு திட்டங்களை எடைபோட்டு ஒன்றை அவர்கள் எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘சூஸ்’ என்பதற்கும் ‘டிசைட்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில் உயிர்ப்பிரச்சினை ஆகிறது. ‘சூஸ்’ என்றால் யாரோ பரப்பிவைத்ததிலிருந்து பொறுக்குவது. ‘டிசைட்’ என்றால் பரப்பிவைத்ததையே வேண்டாம் என்று சொல்லும் சாத்தியத்தையும் உள்ளடக்கியது. ‘டிசைடெட் அகெய்ன்ஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் மிக இயல்பான ஒரு தொடர் உண்டு. நம் அறிக்கைகளில் அதை ஏனோ யாரும் பயன்படுத்துவதில்லை. ‘ரிஜெக்ட்’ என்றே எழுதுகிறோம். ‘ரிஜெக்ட்’ என்பது தரப்பட்டதைத் திருப்பித் தருவது. ‘டிசைட் அகெய்ன்ஸ்ட்’ என்பது யோசித்து, வெட்டி, துணிவது.

இன்றைய வளர்ச்சிச் சொல்லாடல் மிகச் சாமர்த்தியமாகச் செய்வது என்னவென்றால், முடிவைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தெரிவை ஜனங்களுக்குக் கொடுப்பது. நிவாரணம் பணமாக வேண்டுமா, வேறு இடமாக வேண்டுமா? தெரிவு உங்களுடையது. போவதா இருப்பதா என்பது மட்டும் உங்களுடையது அல்ல. 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் பொதுவிசாரணை கருத்துகளைப் பதிவுசெய்யும், முடிவு செய்யாது. குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற விதிகூட அதற்குக் கிடையாது. இதற்கு ஆங்கிலத்தில் ‘கன்சல்டேஷன்’ என்று பெயர். அதைத் தமிழில் ‘கலந்தாலோசனை’ என்று போட்டால், நாமும் சேர்ந்து முடிவு செய்ததுபோல ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. ‘கருத்துக் கேட்பு’ என்று எழுதுகிறார்கள். அது கொஞ்சம் நேர்மையான சொல். கேட்பார்கள், அவ்வளவுதான்.

6

இயல்பில்லாத ஆங்கிலத்துக்கும் ஒரு வேலை உண்டு. 1853இல் ஹெர்மன் மெல்வில் எழுதிய கதையில் வால் ஸ்ட்ரீட் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா பார்ட்டில்பி, சொன்ன வேலையை மறுப்பதில்லை. மறுத்தால் விரட்டிவிடலாம். ஒப்புக்கொள்வதும் இல்லை. ‘ப்ரிஃபர்’ என்ற வினைச்சொல்லை வைத்து, செய்யாதிருப்பதையே தன் விருப்பமாகச் சொல்கிறான், திரும்பத் திரும்ப. ஆபீஸே ஸ்தம்பித்துப்போகிறது. 1989இல் டெலூஸ் இதைப் பற்றி எழுதியபோது, இலக்கணப்படி சரியாக இருந்தும் இலக்கணம் பிசகியதுபோல ஒலிக்கும் அந்தத் தொடரின் விநோதத்தைத்தான் பிடித்துக்கொண்டார். எந்தக் கையேடும் அந்தத் தொடரைச் சிபாரிசு செய்யாது. ஆனால் ‘முடிவு எடு’ என்று ஒருவனை நிர்ப்பந்திக்கும் அமைப்புக்கு எதிராக அவனால் வைக்க முடிந்த ஒரே சொல் அதுதான். முடிவு செய்யும் உரிமை கிடைக்காதவனிடம் முடிவைக் கேட்பதும் ஒரு வன்முறை என்பதை அந்தக் குமாஸ்தா காட்டிவிட்டுச் செத்துப்போகிறான்.

ஆனால் எல்லோரும் பார்ட்டில்பி ஆக முடியாது. ஒரு ஊர் தன் முடிவை நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும்போது, விநோதமான ஆங்கிலம் அதன் காலை வாரிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டே ‘இவர்களுக்கு விஷயம் புரியவில்லை, யாரோ எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்’ என்று வாதாடுவார். இயல்பான ஆங்கிலம் ஒரு ஆயுதம். ஆயுதத்தை எதிரியிடம் மட்டும் விட்டுவைப்பது புரட்சி ஆகாது. ஆகவே ‘இயல்பு’ என்ற கருத்தைக் கட்டவிழ்த்துவிட்டு, அதே கையோடு இயல்பான ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. இதில் முரண் இருக்கிறது. அந்த முரணோடுதான் வேலை செய்ய வேண்டும்.

என் வேலையில் நான் கடைப்பிடிக்கிற சிலவற்றைச் சொல்கிறேன். சக மொழிபெயர்ப்பாளர்கள் சண்டைக்கு வரலாம்.

‘மேக்’கா ‘டேக்’கா என்பதில் நேரத்தை வீணாக்குவதில்லை, இரண்டும் சரி. முடிந்த இடத்திலெல்லாம் பெயர்ச்சொல்லை உடைத்து ‘டிசைட்’ என்ற வினையாகவே எழுதுகிறேன். அப்படி எழுதினால் எழுவாய் கேட்டு வாக்கியமே நச்சரிக்கும். தமிழ் மூலத்தில் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்றிருந்தால் அனுப்பியவர்களுக்குப் போன் போட்டு ‘யாரு தீர்மானிச்சது? எத்தனை பேர் இருந்தாங்க? பொம்பளைங்க எத்தனை பேர்?’ என்று கேட்கிறேன். பாதிப்பேர் எரிச்சலாகிறார்கள். ஒருமுறை ஒரு தோழர், ‘உங்க வேலை இங்கிலீஷ் போடறது, விசாரணை நடத்தறது இல்ல’ என்றார். எழுவாய் இல்லாமல் இங்கிலீஷ் போட முடியாது என்றேன். செயப்பாட்டுவினை இருக்கிறதே என்றார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியும்!

‘நாங்கள்’ என்று இருந்தால் வெறும் ‘வீ’ போடுவதில்லை. ‘இந்த ஊர்ப் பெண்களாகிய நாங்கள்’, ‘கூலிக்குப் போகிற நாங்கள்’ என்று யார் என்பதை ஆங்கிலத்திலும் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு இருந்திருந்தால் ‘ஏகமனதாக’ என்பதை விட்டுவிட்டு எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று எழுதச் சொல்கிறேன். எதிர்ப்பைப் பதிவுசெய்த தீர்மானம்தான் உண்மையில் ஒரு கூட்டம் நடந்ததற்குச் சாட்சி. முடிவு இன்னும் ஆகவில்லை என்றால் ஆகவில்லை என்றே எழுதுகிறேன். ‘ஹாவ் நாட் யெட் டிசைடெட்’ மிக இயல்பான ஆங்கிலம். ஆறப்போட்டிருக்கும் ஒரு விஷயத்தை, படிக்கிறவர் வசதிக்காகச் சூடாக இறக்கிவைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், எழுதிய ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழில் சொல்லி, அந்த முடிவின் சொந்தக்காரர்களிடம் வாசித்துக் காட்டுகிறேன். ‘நாங்க இப்படிச் சொல்லலியே’ என்று ஒருவர் சொன்னால், எந்தத் தாய்மொழிக்காரர் அதை இயல்பு என்று ஒப்புக்கொண்டாலும், அந்த வாக்கியம் தவறு.

இப்படி எழுதுவதால் அறிக்கைகள் நீளமாகின்றன. வழவழப்பு குறைகிறது. டெல்லியிலிருந்து ‘ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது, திருத்திக்கொள்ளலாமா’ என்று கேட்கிறார்கள். வினைச்சொற்களைத் திருத்திக்கொள்ளுங்கள், எழுவாய்களைத் தொடாதீர்கள் என்று பதில் எழுதுகிறேன்.